கிடேரியும் இரண்டு வாரேன்களும்

1

போன சனிக்கிழமை காலை என் மகள் "போறேன்" என்று கத்திவிட்டு நேரே என்னை நோக்கி வந்தாள்.

இதை விளக்கிச் சொல்லாவிட்டால் மதுரையில் இருக்கிற நீங்கள் என் புத்தியைச் சந்தேகப்படுவீர்கள். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, மழை நின்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற ஒரு சின்ன ஊர். மகள் கயலுக்குப் பத்து வயது. அவள் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் தாங்களே செய்த வண்டிகளுக்கு ஒரு பந்தயம் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் கிடையாது. மேட்டில் வைத்து விட்டுவிட்டால் பள்ளம் வரைக்கும் தானாக உருண்டு வர வேண்டும். கயல் தன்னுடைய பழைய தள்ளுவண்டியின் சக்கரங்களைக் கழற்றி, ஓர் அலமாரிப் பலகையின் அடியில் பொருத்தி, துணி காயப்போடும் கயிற்றையே ஸ்டியரிங்காகக் கட்டியிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டிகளுக்கு பிரேக் சோதிக்கிற கம்பெனியில் பதினொரு வருடமாகச் சம்பளம் வாங்குகிறவன் நான். வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை இவ்வளவுதான்.

சோதனை ஓட்டம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவான சந்தில் நடந்தது. அவள் மேலே. நான் கீழே, சந்து முனையில், பால் வண்டி வந்தால் கையைக் காட்டி நிறுத்துகிற உத்தியோகத்தில். மேலேயிருந்து "அப்பா, போறேன்" என்று சத்தம் வந்தது. எங்கே போகிறாள், கழிப்பறைக்கா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அலமாரிப் பலகை என் கால் எலும்பில் வந்து மோதி நின்றது.

என் மனைவி கோமதி ஐஸ் கட்டியோடு வந்தாள். என் காலைப் பார்க்கவில்லை. மதுரை வில்லாபுரத்தில் பிறந்தவளுக்கு அதைவிடப் பெரிய காயம் காதில் பட்டிருந்தது.

"போறேன்னு சொல்லாதன்னு உனக்கு எத்தன தடவைடி சொல்றது. போயிட்டு வாரேன்னு சொல்லணும்."

"பட் அம்மா, நான் போனேன். வரலை."

"அப்பாகிட்டதான வந்த?"

"தட்ஸ் அப்பாவோட பாயின்ட் ஆஃப் வியூ" என்றாள் கயல்.

கோமதி ஐஸ் கட்டியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்தச் சந்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. சட்டைப் பையில் அழகரின் கடிதம் இருந்தது. ஒன்பது நாளாக இருக்கிறது, இன்னும் பதில் எழுதவில்லை.

2

அழகர்சாமி என்னோடு பொறியியல் படித்தவன். செக்கானூரணிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. இப்போது ஊரிலேயே டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறான். கடிதம் எழுதுவதில் அவனுக்கு முன்னுரை, நலம் நலமறிய ஆவல் எதுவும் கிடையாது. நீலத் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

"மாப்ள, கோரிப்பாளையத்துல காதர் பட்டறைய ரோட்டுக்கு எடுக்குறாய்ங்க. சித்திரை முடியிறதுக்குள்ள காலி பண்ணணுமாம். கிடேரி இன்னும் பின்னாடி சாக்கு மூடித்தேன் கிடக்கு. நீ வர்றதுன்னா எங்க தோட்டத்துக்கு இழுத்துட்டு வந்து வச்சிருக்கேன், மூணு பேருமா ஒருக்கா ஓட்டிப் பாப்போம். நீ வரலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னு காதர் சொல்றான். எனக்கும் அதுதேன் சரின்னு படுது. நீ இல்லாம அத வச்சுக்கிட்டு நான் என்ன கோயிலா கட்டப்போறேன். ஒத்த வரி எழுது. எந்த வாரேன்னு தெளிவா எழுது."

கிடேரி மாடு இல்லை. பந்தயக் கார். நாங்கள் கடைசி வருடம் படிக்கும்போது செய்தது. சித்திரை முடிய ஏழு வாரம் இருக்கிறது. கடைசி வரியின் அர்த்தம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் கிடேரியைச் சொல்ல வேண்டும்.

3

எழுபதுகளின் நடுவில், கல்லூரி மாணவர்கள் தாங்களே வரைந்து தாங்களே செய்த கார்களுக்கு ஒரு பந்தயம் என்று எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். இடம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பழைய விமானத் தளம். அந்தத் தாளுக்கு மேலேயே விடுதிச் சாப்பாட்டுத் தாள் ஒன்றை ஒட்டியிருந்ததால் அதை முழுதாகப் படித்தவர்கள் இரண்டே பேர். அழகரும் நானும்.

அவனுக்கு ஓட்டத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து டிராக்டர் ஓட்டியவன். எனக்கு வரையத் தெரியும். திருநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில், ஒரு வாரம் தரையில் படுத்துக் கிடந்து சட்டத்தை வரைந்தேன். முன்பக்கத்துத் தெய்வங்கள் எல்லாம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தன. அம்மா அதற்குத் தனியாகத் திட்டினாள்.

மூன்றாவது ஆள் காதர். எங்கள் வயதுதான். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வெல்டிங் பட்டறை நடத்தினான். என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத வரஞ்சவன் வெல்டிங் ராடக் கையால தொட்டிருக்கானா?"

"நான்தான் வரஞ்சேன்" என்றேன்.

"அதேன் கேட்டேன்" என்றான்.

தண்ணீர்க் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தான். வளைக்கும்போது குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே மணலைக் கெட்டித்து, சூடு காட்டி வளைக்க வேண்டும். வைகையில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், மணலுக்கு என்ன. எஞ்சின் ஒரு செத்துப்போன வாடகைக் காருடையது. பெட்ரோல் டாங்கி ஒரு கடலை எண்ணெய் டின். எத்தனை தடவை கழுவினாலும் வண்டி ஓடினால் வடை சுடுகிற வாசனை வரும். இருக்கை, இடித்துக்கொண்டிருந்த ஒரு சினிமாக் கொட்டகையின் முதல் வகுப்பு நாற்காலி. மூட்டைப்பூச்சிகளையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

எடையைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு பாரம் விழுகிறது என்று தெரிந்தால்தான் வளைவில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும் என்றேன். அதற்கான கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. காதர் வண்டியை நேரே கீழமாசி வீதிக்கு, பருப்பு மண்டிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மேடைத் தராசில் ஒரு சக்கரம், மீதி மூன்றுக்கும் அதே உயரத்துக்குத் துவரம் பருப்பு மூட்டை. அழகர் உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்துகொள்ள, நாலு தடவை நிறுத்தோம். மண்டிக் கணக்குப்பிள்ளை சீட்டெழுதும்போது சரக்கு என்ன என்று கேட்டார். காதர் சொன்னதை அப்படியே எழுதினார்: "கார், கால் பாகம், நாலு தடவை."

"பீச்சாங்கைப் பக்கம் சாயுது மாப்ள" என்றான் அழகர், சீட்டைப் பார்க்காமலேயே. சீட்டும் அதைத்தான் சொன்னது. எண்ணெய் டின்னைச் சோத்துக்கைப் பக்கத்துக்கு மாற்றினோம். அவனுடைய எழுபத்தெட்டு கிலோ உடம்பை உள்ளே வைத்து வைத்தே ஸ்பிரிங்குகளைச் சரிசெய்தோம். அந்த வண்டி அவனுக்குத் தைத்த சட்டை.

முதல் தடவை தள்ளிக் கிளப்பியபோது முன்னால் போவதற்குப் பதில் பின்னால் பாய்ந்து காதரை உதைத்துத் தள்ளியது. கியர் கம்பியை நான் தலைகீழாக வரைந்திருந்தேன். இளம் பசு மாதிரி உதைக்கிறது என்று காதர் சாக்கடையிலிருந்து எழுந்து வந்து வைத்த பெயர்தான் கிடேரி.

4

நடுவில் இந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் 'வெளிநாட்டில் இருந்துகொண்டு கோரிப்பாளையத்தையே எழுதுகிறான்' என்பீர்கள்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். மாலை ஐந்து மணி. கிளம்பும்போது மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொள்ளாமல் போவது மரியாதையா? அவர் எதிரில் நின்று, "ஓகே சார், ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த மனிதர் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு வைத்துக்கொண்டு ஆறு மணி வரை காத்திருந்தாராம். இரண்டாம் நாளும் "ஐ ஆம் கமிங்." மூன்றாம் நாள் என்னை உட்காரவைத்து, "டேன், நீ எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய்?" என்று நிதானமாகக் கேட்டார். தண்டபாணி என்கிற என் பெயரை அவர்கள் டேன் ஆக்கியதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கிளம்பும்போது 'கோயிங்' என்று சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் வாயில் அபசகுனம் தட்டியது.

கார் ஓட்டும் தேர்வில் மூன்று முறை தோற்றேன். பந்தயக் கார் ஓட்டியவன் என்று சொன்னேன். அதனால்தான் என்று பதில் வந்தது.

இப்போது பெரிய கூத்து, குடியுரிமை விண்ணப்பம். என் பாஸ்போர்ட் அதற்காக ஏழு மாதமாக ஓர் அரசு அலுவலகத்தில் தூங்குகிறது. அதில் ஒரு கேள்வி: இத்தனை வருடத்தில் நாட்டை விட்டு எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள். கோமதியும் கயலும் இரண்டு தடவை மதுரைக்குப் போய் வந்தவர்கள். நான் பூஜ்யம் என்று எழுதினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "எக்ஸலன்ட், இவ்வளவு சுத்தமான விண்ணப்பத்தை நான் பார்த்ததே இல்லை" என்றாள். பதினொரு வருடம் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நின்றேன். இரண்டு பேருந்தை விட்டுவிட்டேன்.

லீவு இல்லை, வேலை மாறினேன், வீடு மாறினேன் என்று இத்தனை வருடம் சொன்னதெல்லாம் சால்ஜாப்பு. போகாததற்குக் காரணம் அழகரின் கால். இன்னொன்றும் இருக்கிறது. அது அவனுக்கே தெரியாது.

5

பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கோடைக்காலம். அவனியாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய் வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மண் இறுகிச் சிமென்டுத் தரை மாதிரி இருந்த ஓரமாகப் பார்த்து பிரேக் சோதித்தோம். கிளம்புகிற இடத்தில் காதர், வண்டியைத் தள்ளிவிட. கரை வளைவதால் அங்கிருந்து பார்த்தால் முடிகிற இடம் தெரியாது. முடிகிற இடத்தில் நான். அங்கே கண்மாய்க்குக் குறுக்கே ஒரு வண்டிப்பாதை உண்டு. ஆடு மாடு நடக்கும். இரண்டு கருவேல மரத்துக்கு நடுவில் ஒரு கயிற்றைக் கட்டிப் பாதையை மறிப்பது, வண்டி வந்து நின்றதும் அவிழ்த்துவிடுவது. என் வேலை அதுதான். போன சனிக்கிழமை பார்த்த அதே வேலை.

அன்றைக்குக் காலையிலிருந்தே அழகர் நிலைகொள்ளாமல் இருந்தான். அவன் அக்கா மகனுக்குச் செக்கானூரணியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். பதினொரு மணி பஸ்ஸை விட்டால் அக்கா தன்னை வெட்டிவிடுவாள் என்று பத்துத் தடவை சொல்லிவிட்டான். நாலு ஓட்டம் ஓடி முடித்தோம். நாலாவது தடவை என் பக்கத்தில் வந்து நின்றவன், எஞ்சின் ஆறட்டும் என்று இறங்கினான். காதர் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பக் கிளம்புகிற இடத்துக்குக் கொண்டுபோனான். அழகர் என் பானையில் தண்ணீர் குடித்தான், முகத்தைக் கழுவினான், தலையில் கட்டியிருந்த துண்டை உதறித் தோளில் போட்டான்.

"மணி என்னடா?"

"பத்தே முக்கால்" என்றேன்.

"சரி மாப்ள, வாரேன்."

"சரி, வா."

அவன் கரையோரமாக நடந்து வளைவில் மறைந்தான். இதில் என்ன தப்பு என்று எந்த மதுரைக்காரராவது சொல்லுங்கள். முகத்தைக் கழுவி, துண்டைத் தோளில் போட்டு, மணி கேட்டு, 'வாரேன்' என்று ஒருவன் சொன்னால் அவன் வீட்டுக்குப் போகிறான். அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே 'வருகிறேன்' என்று ஓர் அர்த்தம் இருப்பதை, இருபத்தொரு வருடத்தில் எனக்கு யாரும் ஞாபகப்படுத்தியதில்லை. பஸ்ஸுக்குப் போகிறான், இன்றைக்குக் கடை கட்டியாயிற்று என்று நினைத்தேன். ஒரு கிடை ஆடு வண்டிப்பாதையில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர், "தம்பி, போலாமா?" என்றார். "தாராளமாப் போங்கண்ணே" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டு மர நிழலில் சாய்ந்து, பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரையில் கைவைத்தேன்.

அப்போதுதான் வடை வாசனை வந்தது.

கிடேரி வளைவில் திரும்பி வந்த வேகத்துக்கு அதை நிறுத்த யாராலும் முடியாது. பாதை முழுக்க ஆடு. அழகர் ஓர் ஆட்டைக்கூடத் தொடவில்லை. வண்டியைக் கரைப் பக்கம் ஒடித்து, கல்லில் ஏற்றிப் புரட்டினான். நான் எழுந்து ஓடினேன். கையில் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையோடுதான் அவனைத் தூக்கினேன். வலது கால், முழங்காலுக்குக் கீழே, போகக் கூடாத பக்கம் போயிருந்தது.

6

பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"கயித்த ஏன்டா அவுத்த?"

"நீ வாரேன்னு சொன்னியேடா."

"இன்னொரு ஓட்டம் ஓட நேரம் இருந்துச்சுல்ல. வாரேன்னு சொன்னா வருவேன்ல."

நான் அழுதேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கால் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தான். காதர் கட்டிலின் இரும்பை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான், வெல்டிங் சரியில்லை என்கிற முகத்தோடு. அப்புறம் தீர்ப்புச் சொன்னான்.

"இது சரிப்படாது. இனிமே ரெண்டு வாரேன் வச்சுக்குவோம். கெளம்பிப் போறப்ப சொல்றது வீட்டு வாரேன். நெசமாவே வர்றதுன்னா கண்மாய் வாரேன். வாரேன்னு எவன் சொன்னாலும் எந்த வாரேன்னு கேக்கணும்."

மறுநாள் அழகரின் அக்கா ஒரு வேன் நிறைய ஜனத்தோடு வார்டுக்குள் நுழைந்தார். தாய்மாமன் மடி வர முடியாவிட்டால் காது மடியைத் தேடிப் போகும் என்று முடிவுசெய்திருந்தார்கள். நர்ஸம்மா கத்தக் கத்த, மாவுக்கட்டுக் காலுக்கு மேலே தலையணை வைத்து, அதில் மொட்டைத்தலைப் பிள்ளையை உட்காரவைத்து, ஆசாரி காது குத்தினார். பிள்ளை போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் கிழவர் பிழைத்தே எழுந்துவிட்டார். நர்ஸம்மாவுக்கும் இரண்டு லட்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டுதான் கத்தினார்.

கூட்டம் போன பிறகு அழகர் என்னைக் கூப்பிட்டான்.

"நீ ஓட்டு."

"எனக்குச் சைக்கிளே சரியா ஓட்டத் தெரியாதுடா."

"தெரியும். ஆனா வண்டி எனக்குச் சரிபண்ணது. நீ அம்பது கிலோ தேறுவ. வளைவுல தூக்கிப் போட்டுரும்." கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தான். "பக்கத்துல இருபத்தெட்டு கிலோ அரிசி மூட்டை கட்டிக்க. நானே கூட வர்றதா நெனச்சுக்க."

இந்த யோசனை யாருடையது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

7

புரண்ட வண்டியைக் காதர் பத்தே நாளில் தட்டி நிமிர்த்திவிட்டான். பந்தயத்துக்கு முன்னால் வண்டிகளைப் பரிசோதித்த அதிகாரி மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"அரிசி சார்" என்றேன்.

"எதுக்கு?"

"அழகர்சாமிக்குப் பதிலா சார்" என்றான் காதர்.

அவர் சீட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். ஒன்பது கல்லூரி வண்டிகள். என் கால் பெடலுக்கு எட்டாததால் காதர் ஒரு மரக்கட்டையை அதில் வைத்துக் கட்டியிருந்தான். முதல் வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். ஆனால் வண்டி புரளவில்லை. நாலாவது சுற்றில் மூட்டையின் தையல் விட்டது. மீதிப் பந்தயம் முழுக்க, கல்யாண வீட்டில் தூவுகிற மாதிரி, ஓடுபாதை நெடுக அரிசியைத் தூவிக்கொண்டே போனேன். ஏழாவது இடம். எட்டும் ஒன்பதும் பாதியில் நின்றுபோன வண்டிகள் என்பதை ஊரில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நடுவர்களில் ஒருவர் வெள்ளைக்காரர். ஓடுபாதையில் குனிந்து நாலு அரிசியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மண்டித் தராசைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஓட்டுபவனின் எடை குறைந்தால் அதே இடத்தில் அதே எடையை வைத்து ஈடுகட்டியது ரொம்பப் புத்திசாலித்தனம், இது யாருடைய யோசனை என்று கேட்டார்.

"மைன்" என்றேன்.

ஆங்கிலத்தில் அதுதான் சின்ன வார்த்தையாக இருந்தது. காதர் தூரத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கவில்லை. அந்த வெள்ளைக்காரர் என் முகவரியை எழுதிக்கொண்டார். மூன்று வருடம் கழித்து இந்தக் கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதத்தில், 'அரிசி மூட்டையை வைத்து எடையைச் சமன் செய்த இளைஞன்' என்றுதான் என்னை அறிமுகப்படுத்தியிருந்தார். நான் இங்கே வந்தது அந்த ஒரு வரியால். அது கட்டிலில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தவனின் வரி. அவனை அங்கே படுக்கவைத்ததும் நான், அதைத் திருடியதும் நான். இது நான் செய்த ஈனமான காரியம். எத்தனை சிரிப்புக் காட்டினாலும் அது மாறாது.

8

நான் இங்கிலாந்துக்குக் கிளம்பிய அன்று மதுரை ரயில் நிலையத்துக்கு இரண்டு பேரும் வழியனுப்ப வந்தார்கள். அழகர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தான். கால் ஓர் அங்குலம் குட்டையாகிவிட்டிருந்தது. காதர், "பீச்சாங்கைப் பக்கம் இருந்த சாய்மானம் சோத்துக்கைப் பக்கம் மாறிருச்சு, டின்ன மாத்தி வைக்கணும்" என்றான். மூவரும் சிரித்தோம். வண்டி நகர்ந்தது.

"சரிடா, வாரேன்" என்றேன், வாய்ப்பழக்கத்தில்.

அழகர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தான்.

"எந்த வாரேன்?"

"கண்மாய் வாரேன்டா."

"அப்பக் கயித்தக் கட்டி வைக்கிறேன்" என்று கம்பியை விட்டான். பதினொரு வருடம் ஆகிறது.

9

இந்தத் திங்கட்கிழமை, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அதே அம்மாளிடம் போய் என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டேன். இப்போது எடுத்தால் விண்ணப்பம் ரத்தாகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும், இவ்வளவு சுத்தமான விண்ணப்பத்தை ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். அழுக்காக்க வேண்டியிருக்கிறது என்றேன். என் ஆங்கிலம் இன்னும் தேறவில்லை என்று நினைத்திருப்பாள்.

கோமதியிடம் சொன்னேன். பெட்டியை மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாள். அரிசி மூட்டை விஷயத்தை அவளிடம் நேற்றுத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். "அந்த அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லுங்க, என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க" என்றாள். சரிதான். அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நான் இதை எழுதவில்லை. இது உங்கள் கைக்கு வரும்போது நான் செக்கானூரணியில் அவன் எதிரில் நின்று சொல்லி முடித்திருப்பேன். அவன் சிரிப்பானா, டிராக்டர் ஸ்பேனரை எடுப்பானா தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நீலத் தாளில் ஒற்றை வரி எழுதினேன். கயல் அதை வாங்கி, கோமதி ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்துச் சொல்லிக்கொடுத்த தமிழில், எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"மாப்ள, கண்மாய் வாரேன். கயித்தக் கட்டு."

என்ன கயிறு, யார் மாப்ள, கண்மாய் என்றால் என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டில் சிரித்தாள். காதுகுத்தில் காதைப் பொத்திக்கொண்டாள். அரிசிக்கு வந்ததும் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

"ஏர்போர்ட்ல எங்ககிட்டயும் வாரேன்னுதான் சொல்லுவீங்க. அது எந்த வாரேன்?"

பத்து வயதுப் பிள்ளை. விளையாட்டுக்குக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அதுவும் கண்மாய் வாரேன்தான் என்றேன்.

அவள் எழுந்து தோட்டத்துக்குப் போனாள். சன்னல் வழியாகப் பார்த்தேன். தன் வண்டியிலிருந்து ஸ்டியரிங் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பந்தயம் முடியட்டும், அப்புறம் வாசலில் கட்டலாம் என்று சத்தம் கொடுத்தேன். அவள் நிமிரவில்லை.